ஜப்பானிய மரபில் பெண்ணுருவம் தீட்டுதல்: பசை காய்ச்சுவது முதல் கண்கோடு வரை

நிஹோங்கா எனப்படும் ஜப்பானிய மரபு ஓவியத்தில், கிமோனோ அணிந்த ஒரு பெண்ணின் இடுப்பளவு உருவத்தைத் தொடக்கம் முதல் இறுதி வரை தீட்டி முடிக்கும் வரிசையை இங்கே தருகிறேன். நான் கெடுத்த பலகைகளையும் என்னிடம் பழக வந்தவர்கள் கெடுத்தவற்றையும் எண்ணிப் பார்த்தால், கை பழகாததால் கெட்டவை குறைவுதான். பசை தவறியதாலும், ஈரம் காயுமுன் மறுபடி கை வைத்ததாலும், முகத்தை முதலில் முடித்துவிட வேண்டும் என்ற ஆசையாலும் கெட்டவையே மிகுதி.

நிறப்பொடியைத் தாளில் பிடித்து வைப்பது விலங்குத் தோலிலிருந்து எடுத்த பசை மட்டுமே. ஒருமுறை தீட்டியதை எண்ணெய் வண்ணம் போலச் சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் தீட்ட வழியில்லை என்பதால், எந்த வேலை எதற்கு முன்னால் வர வேண்டும் என்பதில்தான் இந்தக் கலையின் பாதி அடங்கியிருக்கிறது.

1. கையில் இருக்க வேண்டியவை

முதல் படத்துக்கு 41 × 32 சென்டிமீட்டர் அளவு போதும். ஜப்பானியக் கடைகளில் இதை எஃப் 6 என்பார்கள். இதைவிடச் சிறிதாக எடுத்தால் முகம் கட்டைவிரல் நகமளவுக்குச் சுருங்கிப்போய், தூரிகையைத் திருப்பவே இடமிருக்காது.

தாளில் இரண்டு வகைகளை மட்டும் அறிந்தால் போதும். சணலும் காகித முசுக்கட்டை நாரும் கலந்த 'குமோஹதா மாஷி' தடித்தது. பருமனான தாதுப்பொடியைத் தாங்கும். வழவழப்பான 'தோரினோகோ' தாளில் மைக்கோடு தடுக்காமல் ஓடும். தாங்கும் தாளையே வாங்கச் சொல்பவர்கள் பலர் இருந்தாலும், புதியவர்களுக்கு நான் தோரினோகோவையே சொல்வேன். உருவ ஓவியத்தில் முதலில் கெடுவது கோடுதான்.

எதை வாங்கினாலும் 'டோசா' பூசிய தாளாகக் கேட்டு வாங்குங்கள். பசையும் படிகாரமும் கலந்த நீரே டோசா. அது பூசாத தாளில் மை ஊறிப் பரவும். வந்த தாளின் ஓரத்தில் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். துளி முத்தாக நின்றால் சரி, உடனே கறையாகப் பரவினால் அந்தத் தாளில் முகம் வரைய முடியாது. தாமே டோசா கலக்க முயல்பவர்கள் பெரும்பாலும் படிகாரத்தை அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். அது மிகுந்தால் தாளில் புளிப்பேறி நாளடைவில் நொறுங்கும்.

நிறப்பொடிகளும் இரு வகை. 'சுய்ஹி' மாவு போல நுண்ணியது, விலை குறைவு. 'இவா எனோகு' என்பது தாதுக்கல்லை இடித்து நீரில் அலசிப் பருமன்வாரியாகப் பிரித்த பொடி. இதன் புட்டியில் நிறத்தின் பெயரோடு ஓர் எண்ணும் இருக்கும். 5 என்றால் மணல் போன்ற பருமன், 13 என்றால் மிக நுண்மை, அதற்கும் நுண்ணியது 'ப்யாகு'. ஒரே அசுரைட் கல்தான் 5ஆம் எண்ணில் ஆழ்ந்த நீலமாகவும், ப்யாகுவில் வெளிறிய வானநிறமாகவும் தெரிகிறது. நிறத்தின் பெயரை மட்டும் பார்த்து எண்ணைப் பாராமல் வாங்கிவிட்டு, "அட்டையில் கண்ட நீலம் வரவில்லையே" என்று வருந்துபவர்கள் ஏராளம்.

நீல கிமோனோவும் காவி நிற இடுப்புப் பட்டையும் கொண்ட உருவத்தை எடுத்துக்கொள்வோம். சுய்ஹியில் மஞ்சள் காவி, செங்காவி, அவுரி நீலம், சிவப்பு. இவா எனோகுவில் அசுரைட் 13 மற்றும் 11. சிப்பியோட்டு வெள்ளையான 'கோஃபுன்'. மைக்கட்டி, மைக்கல், பசை ஆகியவை போதும். செயற்கையாகச் செய்த தாதுப்பொடியும் கிடைக்கிறது. இயற்கை அசுரைட்டின் விலையைப் பார்த்தபின் பெரும்பாலோர் அதற்குத்தான் வருகிறார்கள், முதல் படத்துக்கு அதில் குறையொன்றும் இல்லை.

தூரிகைகளில் முகக்கோட்டுக்கும் மயிர்க்கோட்டுக்கும் 'மென்ஸோ' இரண்டு, ஆடைக்கோட்டுக்கு 'சோகும்யோ' ஒன்று, நிறம் நிரப்ப 'சாய்ஷிகி' இரண்டு, நிறத்தை நீரால் மங்கவைக்கக் 'குமா' ஒன்று, அகன்ற பட்டைத் தூரிகை ஒன்று. வெள்ளைப் பீங்கான் கிண்ணித்தட்டுகள் எட்டுக்குக் குறையாமல் வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தட்டு. நிறத்தின் உண்மையான சாயல் வெள்ளையில்தான் தெரியும். சித்த மருந்துக்கடையில் கிடைக்கும் சிறு பீங்கான் கல்வம் ஒன்றையும் வாங்கி வையுங்கள்.

அசுரைட்டும் மாலகைட்டும் செம்புத் தாதுக்கள், இயற்கைச் சாதிலிங்கத்தில் பாதரசம் உண்டு. பொடியைக் கொட்டும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்; தூரிகை நுனியை நாக்கால் கூராக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சிவப்புக்குச் சாதிலிங்கத்தைத் தவிர்த்து அதே சாயலில் வரும் செயற்கைப் பொடியை வாங்குவதே நல்லது, ஏனெனில் இந்த முறையில் பொடியை விரலால்தான் குழைக்கப் போகிறோம்.

2. பசை காய்ச்சுதல்

'நிகாவா' எனப்படும் இந்தப் பசை நம் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்லும் பொருளின் தூய வடிவம். தச்சுக்கடை வச்சிரத்தையே பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம், அதன் பழுப்பு நிறம் வெள்ளையைக் கெடுத்துவிடும். விலங்குப் பொருள் வேண்டாம் என்று வேலம்பிசினுக்குப் போனவர்களும் உண்டு. பிசினால் மணல் போன்ற தாதுப்பொடியைத் தாளில் பிடித்து வைக்க முடியாது. அடுத்த பூச்சின் ஈரம் பட்டதும் கீழ்ப்பூச்சு கரைந்து எழும்பும். சுய்ஹி அளவிலேயே நிற்பவர்கள் பிசினைச் சோதித்துப் பார்க்கலாம், அதற்கு மேல் அது உதவாது.

மணிமணியாகக் கிடைக்கும் நிகாவா 10 கிராமை 100 மில்லி குளிர்நீரில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் ஓர் இரவு ஊறவிடுங்கள். ஊறாமல் நேரே சூடாக்கினால் வெளிப்புறம் மட்டும் கரைந்து உள்ளே கட்டி நிற்கும். ஊறி உப்பியதைச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் கிளறிக் கரையுங்கள். வெப்பம் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. கொதித்த பசை ஒட்டும் வலுவை இழக்கும். கரைந்ததும் மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டுங்கள்.

நல்ல பசை குளிர்ப்பெட்டியில் கடற்பாசி இனிப்பைப் போலக் கட்டியாக உறையும். வேண்டிய துண்டை மட்டும் கரண்டியால் எடுத்து இளக்கிக்கொண்டு, மீதியை உள்ளேயே வையுங்கள். சென்னை வெயிலில் வெளியே விட்ட பசை மறுநாளே நாறத் தொடங்கும். நாற்றம் வராவிட்டாலும் உறைய மறுக்கும் பசை கெட்டதுதான். அதை நிறத்தில் கலந்தால் மூன்று வாரம் கழித்துப் பொடி உதிரும்போதுதான் தெரிய வரும்.

3. தாளைப் பலகையில் இழுத்து ஒட்டுதல்

தாளின் பின்புறத்தை நீர் தொட்ட பட்டைத் தூரிகையால் சீராக நனைத்து, அது விரிவதற்குச் சில நிமிடம் விட்டு, பலகையின் பக்கவாட்டில் மடித்து மாவுப் பசையால் ஒட்டுங்கள். காயும்போது தாள் சுருங்கிப் பறைத்தோல் போல விறைக்கும். இப்படி விறைக்காத தாள் ஒவ்வொரு பூச்சிலும் அலையலையாக எழும்பும். நிறம் பள்ளங்களில் தேங்கிக் கறையாகும்.

மரத்தின் சாறு நாளடைவில் மேலேறித் தாளைப் பழுப்பாக்கும் என்பதால், முதலில் ஒரு மலிவான வெள்ளைத் தாளை அடியில் ஒட்டிவிட்டு, அதன்மேல் ஓவியத் தாளை ஏற்றுவது வழக்கம். ஓவியத் தாளை ஓரங்களில் மட்டுமே ஒட்ட வேண்டும்.

4. உருவத்தைத் தாளுக்கு வெளியே முடித்தல்

ஓவியத் தாளில் பென்சிலே படக் கூடாது. அழிப்பான் தேய்த்த இடத்தில் டோசாப் பூச்சு கிழிகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கிழிசலில் பிறகு மை ஊறிப் புள்ளி விழும். ஆகவே எல்லாத் தயக்கத்தையும் வேறு தாளில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் உயிருள்ள ஒருவரை உட்காரவைத்து வரைந்து பாருங்கள். பிறகு உள்ளங்கையளவில் நான்கைந்து சிறுவரைவுகள் போட்டு, உருவம் எங்கே நிற்கிறது, எவ்வளவு இடம் வெறுமையாக விடப்படுகிறது, கருமை எந்தப் பக்கம் திரள்கிறது என்பவற்றை முடிவு செய்யுங்கள். கடைசியாக, படத்தின் அளவிலேயே முழுவரைவு. இதில் ஒவ்வொரு கோடும் ஒற்றைக் கோடாக முடிந்திருக்க வேண்டும். நாலு கோடு இழுத்து "இவற்றில் ஒன்று சரியாக வரும்" என்று விட்டுவைத்தால், மை தொட்ட தூரிகையோடு அந்த முடிவை எடுக்க நேரும்.

கிமோனோவில் புதியவர்கள் செய்யும் பெரும்பிழை இடவல மாற்றம். அணிபவரின் இடப்பக்க முன்துணி மேலே வர வேண்டும். பார்ப்பவருக்கு, தம் வலப்பக்கமாகத் தெரியும் தோளிலிருந்து இறங்கும் கழுத்துப்பட்டி மேலாகத் தெரியும். மாறி வைத்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. தன்படமாக எடுத்த ஒளிப்படங்கள் சில கைப்பேசிகளில் இடவலம் மாறிப் பதிவாகின்றன. அப்படிப்பட்ட ஒன்றை அப்படியே படியெடுத்து, ஒரு மாத உழைப்புக்குப் பின் பிணக்கோலத்தில் ஒரு புன்னகைக்கும் பெண்ணைத் தீட்டி முடித்தவரை நான் அறிவேன். அவர் நானேதான்.

இரண்டாவது பிழை மடிப்பு. சேலை மடிப்பை வரைந்து பழகிய கை, கிமோனோவிலும் கொசுவம் வைக்கப் பார்க்கிறது. ஏறத்தாழ 37 சென்டிமீட்டர் அகலத் துணியின் நேர்ப்பட்டைகளைச் சேர்த்துத் தைத்த உடை அது. மடிப்புகள் குறைவு, இருப்பவையும் நீண்டு, முழங்கையிலும் பட்டைக்கு மேலும் மட்டும் கோணமாக முறியும். முழுவரைவை முடித்தபின் பாதி மடிப்புக் கோடுகளை அழியுங்கள். பெரும்பாலும் படம் தெளிவடையும்.

5. படியெடுத்தல்

முழுவரைவை ஒளி ஊடுருவும் தாளில் படியெடுத்து, அதைப் பலகையின் மேல்விளிம்பில் ஒட்டுப்பட்டையால் பொருத்துங்கள். இடையில் 'நென்ஷி' வைக்க வேண்டும். மெல்லிய தாளில் கரிப்பொடியோ செங்காவிப் பொடியோ தடவி, மிஞ்சிய பொடியைத் துடைத்தெடுத்ததுதான் நென்ஷி. அலுவலகக் கார்பன் தாள் ஆகாது, அதன் மெழுகு பட்ட இடத்தில் நீர்நிறம் ஒட்டாமல் விலகும்.

மையில்லாத பேனா முனையால் மெதுவாக வரையுங்கள். அழுத்தினால் தாளில் பள்ளம் விழும், பின்னர் தாதுப்பொடி அந்தப் பள்ளத்தில் தங்கி ஒரு பேய்க்கோடு காட்டும். படியெடுத்த தாளைக் கிழித்தெறிய வேண்டாம். கடைசி நாளில் கண் எழுதும்போது அது மீண்டும் தேவைப்படும்.

6. மைக்கோடு

நிறத்துக்கு முன் எழுதும் இந்த எலும்புக்கோட்டைக் 'கோத்ஸுகாகி' என்பார்கள். மைக்கல்லில் சில துளி நீர் விட்டு, கட்டியை அழுத்தாமல் வட்டமாக உரையுங்கள். அழுத்தினால் கரி திரிதிரியாக வரும். புட்டி மை வசதியானது, ஆனால் அதில் பலவற்றில் செயற்கைப் பிசின் இருப்பதால் தூரிகை நுனி விரைவில் கெடும். நேற்று உரைத்த மையையும் கோட்டுக்கு எடுக்காதீர்கள். அதன் பசை தளர்ந்திருக்கும், மேலே நிறம் போகும்போது கோடு கலங்கும்.

மென்ஸோ தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து, முழங்கையிலிருந்து கையை நகர்த்துங்கள். பேனா பிடிப்பது போலச் சாய்த்தால் நுனி ஒரு பக்கமாகத் தேய்ந்து, கோட்டின் தடிமன் திருப்பத்துக்குத் திருப்பம் மாறும். முகத்துக்கும் கைகளுக்கும் நீர்த்த இளம் மையில், கம்பி போல ஒரே தடிமன். ஆடைக்குச் சோகும்யோ தூரிகையால் சற்று அழுத்தமான கோடு. தொடங்கும் இடத்திலும் முறியும் இடத்திலும் மட்டும் பருத்து, இடையில் மெலியலாம். இந்த மரபு ஓவியத்தில் விளக்கு வெளிச்சமும் விழுநிழலும் கிடையாது என்பதால், கன்னம் உருண்டையா தட்டையா என்பதைச் சொல்லும் பொறுப்பு முழுவதும் இந்தக் கோட்டினுடையது. உயேமுரா ஷோயென் 1936இல் தீட்டிய 'ஜோ நோ மாய்' ஓவியத்தில் நடனமாடும் பெண்ணின் முகத்தைப் பாருங்கள். நிழலின்றியே அது திரண்டு நிற்கிறது.

கண்ணையும் உதட்டையும் இப்போது மிக இளம் மையில் இடக்குறியாக மட்டும் வையுங்கள். முகத்தை முடித்துப் பார்க்கும் ஆசை முதலில் தலைகாட்டும் இடம் இதுதான்.

7. சிப்பி வெள்ளையைக் குழைத்தல்

தோல், ஆடை, பூ அனைத்துக்கும் அடிப்படை கோஃபுன். கியோட்டோவுக்கு அருகிலுள்ள ஊஜியில் சிப்பியோடுகளைப் பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடத்தி, பிறகு அரைத்து இதைச் செய்கிறார்கள். அவ்வளவு பொறுமையாகச் செய்த பொருளை இரண்டு நிமிடத்தில் கரைத்துவிடப் பார்ப்பதுதான் நம் தவறு. இந்தப் பகுதியை மட்டும் விரைந்து கடக்காதீர்கள்.

ஒரு மேசைக்கரண்டி பொடியைக் கல்வத்தில் உலர்வாக அரையுங்கள். முதலில் குழவி கீழே கரகரக்கும். அந்த ஓசை அடங்கி வழுக்கத் தொடங்கும்வரை, பத்து நிமிடமாவது அரைக்க வேண்டும். கட்டி எஞ்சியிருந்தால் அது தாளில் கரடாக நிற்கும், தடவிப் பார்த்தால் பெண்ணின் கன்னத்தில் பரு போலத் தட்டுப்படும்.

பிறகு இளக்கிய பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிசையுங்கள். முதல் சொட்டுகளில் பொடி பிசிறாகவே இருக்கும். பொறுமையிழந்து ஒரு கரண்டி ஊற்றினால் களியாகிவிடும், அதை மீட்க முடியாது. கொழுக்கட்டை மாவுப் பதத்துக்குச் சற்று இறுக்கமாக, காது மடலைத் தொட்டால் இருக்கும் மென்மையில் ஓர் உருண்டை வர வேண்டும்.

அந்த உருண்டையைக் கையில் எடுத்துத் தட்டின் மேல் ஓங்கி அறையுங்கள். எடுத்து உருட்டி, மீண்டும் அறையுங்கள். 'நூறு அடி' என்றே இதற்குப் பெயர். ஒவ்வொரு துகளையும் பசை சூழ்வதற்காகச் செய்யும் வேலை இது, எண்ணிக்கையில் ஏமாற்றக் கூடாது. முப்பதாவது அடியில் உருண்டை இன்னும் வறண்டிருக்கும், அறுபதில் மேற்புறம் மினுக்கத் தொடங்கும், நூறை நெருங்கும்போது அதைத் திரியாக உருட்டி வளைத்தால் வெடிக்காது. வளைவில் விரிசல் கண்டால் ஒரு சொட்டுப் பசை சேர்த்து மறுபடி அறையுங்கள்.

பதம் வந்த திரியைத் தட்டின் அடியில் ஒட்டவைத்து, கை பொறுக்கும் சூட்டில் நீர் ஊற்றிச் சில நிமிடம் விடுங்கள். அழுக்கும் மிகைப்பசையும் மஞ்சள் படிந்த நீராக வெளியேறும், அதைக் கொட்டிவிட வேண்டும். இனி நடுவிரலால் சிறிது சிறிதாக வெந்நீர் சேர்த்துக் கரைத்து, பால் போல ஆனதும் துணியில் வடிகட்டுங்கள். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே செய்வது நல்லது.

8. தோல்

கோஃபுனோடு சிவப்பும் மஞ்சள் காவியும் மிகச் சிறிதளவு சேர்த்து, மோர் போல நீர்த்த கலவை செய்யுங்கள். ஈரத்தில் கோஃபுன் ஒளி ஊடுருவும். காய்ந்தபின்தான் வெண்மை காட்டும். இதை அறியாதவர் தீட்டும்போதே "நிறம் ஏறவில்லை" என்று மேலும் மேலும் பூசுகிறார். மறுநாள் காலை அங்கே சுவரில் அடித்த சுண்ணாம்பு போல ஒரு முகம், அதற்கடுத்த வாரம் அதில் விரிசல். மூன்று முதல் ஐந்து மெல்லிய பூச்சுகளாகப் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் முழுதாகக் காயவிடுங்கள். மைக்கோடு மூடுபனிக்குப் பின்னால் தெரிவது போல மங்கலாகத் தெரிய வேண்டும். அதை முற்றிலும் மறைத்துவிட்டால் கடைசியில் வழி தெரியாது.

கன்னம், காது மடல், விரல் நுனி, கண்ணிமை ஆகிய இடங்களுக்கு இளஞ்சிவப்பு. இதற்கு இரண்டு தூரிகைகளை ஒரே கையில் பிடித்துப் பழக வேண்டும்: ஒன்றில் நிறம், மற்றொன்றில் நீர் மட்டும். நிறத்தைத் தொட்டு வைத்த உடனே கையைத் திருப்பி, குமா தூரிகையால் அதன் விளிம்பை நீரோடு கரைத்துவிடுவது. நீர்த்தூரிகையில் ஈரம் மிகுந்தால் நிறம் பின்வாங்கி ஓரத்தில் கோடு கட்டும். துணியில் ஒற்றியெடுத்து வெறும் ஈரப்பதத்தோடு பயன்படுத்துங்கள். இந்த ஒரு வித்தைக்கு மட்டும் பத்துத் தாளை வீணாக்கினாலும் தவறில்லை.

9. ஆடை

தாதுப்பொடி நீரில் கரைவதில்லை, மணல் போலப் படிகிறது. துகள்களுக்கு இடையே உள்ள சந்துகளில் அடிநிறம் எட்டிப் பார்க்கும். எனவே வெள்ளைத் தாளில் நேரே அசுரைட்டைப் போட்டால் நீலம் வெளிறி, திட்டுத்திட்டாக நிற்கும். முதலில் கோஃபுனில் அவுரி நீலம் கலந்து ஓர் அடிப்பூச்சு, அது காய்ந்தபின் 13ஆம் எண், அதன் மேல் 11ஆம் எண் என நுண்மையிலிருந்து பருமனுக்குப் போங்கள். தலைகீழாகப் போனால் நுண்பொடி பருமணலின் சந்துகளில் இறங்கி, அதன் மினுக்கத்தை அடைத்துவிடும்.

உலர்ந்த தட்டில் பொடியைக் கொட்டி, முதலில் பசையை மட்டும் விட்டு நடுவிரலால் குழைத்து, ஒவ்வொரு துகளும் நனைந்தபின் நீர் சேருங்கள். நீரை முதலில் சேர்த்தால் துகளைச் சுற்றி நீர்ப்படலம் உண்டாகிப் பசை ஒட்டாது. பருமனான துகளுக்கு வலுவான பசை வேண்டும். அதே வேளையில், மேற்பூச்சின் பசை கீழ்ப்பூச்சின் பசையை விட மிக வலுவாக இருந்தால், அது காய்ந்து சுருங்கும்போது கீழுள்ளதையும் சேர்த்து உரித்துவிடும். ஆகவே அடிப்பூச்சின் பசையில் ஒருபோதும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பலகையைத் தரையில் கிடத்தித்தான் தீட்ட வேண்டும், சாய்த்தால் துகள் வழியும். துகள்கள் தட்டின் அடியில் உடனே படிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் கலக்கி அடியிலிருந்தே அள்ளுங்கள். மேல்நீரைத் தொட்டு எடுத்தால் தாளில் பசை மட்டும் போய் மினுங்கும். தூரிகையிலுள்ள நீர்மத்தைத் தாளில் இறக்கி, பரப்பி, விட்டுவிடுங்கள். திரும்பிப் போய்த் தேய்த்தால் வைத்த துகளை நாமே வாரி எடுப்போம். வெற்றிடம் தெரிந்தால் தெரியட்டும், அடுத்த பூச்சில் மூடலாம்.

மறுநாள் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். விரலில் நீலம் ஒட்டினால் பசை குறைவு. நீர்த்த பசையை மேலே ஒருமுறை மெல்லப் பூசிக் காப்பாற்றலாம். மேற்பரப்பு பளபளத்தால் பசை மிகுதி, அதற்கு எளிய மருந்து கிடையாது.

மடிப்புக் கோடுகளின் மேல் நிறம் ஏறாமல் முடியளவு இடம் விட்டுத் தீட்டுவது ஒரு முறை. மூடிவிட்டுப் பின்னர் மீட்டெழுதுவது மற்றொன்று. பருமனான பொடியில் முதல் முறையே தெளிவாக வரும். பூவேலைப்பாடு வேண்டுமானால் கடைசிப் பூச்சு காய்ந்தபின் கோஃபுனால் எழுதுங்கள். தையல் வரும் இடத்தில் பூ சற்று முறிந்து தொடர்ந்தால் துணி துணியாகத் தெரியும். இடுப்புப் பட்டைக்குக் காவியில் இரண்டு பூச்சுகள் போதும்.

10. கூந்தல்

கருமையை ஒரே பூச்சில் கொண்டுவந்தால் தலையில் கவிழ்த்த சட்டி போல இருக்கும். இளம் மையில் நான்கைந்து பூச்சுகள் போடுங்கள். முதல் பூச்சில் சிறிது அவுரி சேர்த்தால் கருமை செத்துப்போகாது. நெற்றியோரத்தில் ஒவ்வொரு பூச்சின் விளிம்பையும் குமா தூரிகையால் தோலுக்குள் கரைத்துவிடுங்கள். பார்வை முதலில் போகும் இடம் இந்த மயிரோரம்தான்.

அது காய்ந்தபின் மென்ஸோவின் நுனியால் தனி மயிர்கள். தோல் பக்கம் மெல்லத் தொட்டுக் கூந்தலுக்குள் இழுங்கள்; தொடும் முனை மெலிந்து, உள்ளே போகப் போகக் கருமையில் கலந்துவிடும். எல்லா மயிரையும் ஒரே இடைவெளியில் வைத்தால் சீப்பு போலாகும். நெற்றியிலும் காதோரத்திலும் பிடரியிலும் மட்டும் எழுதி, நடுவில் கருமையைக் கருமையாக விட்டுவிடுங்கள்.

11. கோடுகளை மீட்டெழுதுதல், கடைசியில் கண்

நிறத்தின் கீழே மங்கிய கோட்டை மேலே மீண்டும் எழுதும் வழக்கம் 12ஆம் நூற்றாண்டின் 'கெஞ்ஜி' சுருளோவியங்களிலேயே உண்டு. தோல்பகுதிக் கோடுகளுக்குச் செங்காவியில் சிறிது மை கலந்து பயன்படுத்துங்கள். வெறும் மையால் எழுதினால், வெளிறிய தோலைச் சுற்றிக் கம்பி கட்டியது போல இருக்கும். மூக்குக்கு ஒரே கோடு போதும்.

முகத்தைக் கடைசிக்குத் தள்ளி வைத்ததன் காரணம் இப்போது விளங்கும். வெறுந்தாளில் சரியாகத் தெரிந்த கன்னச் சிவப்பு, கருங்கூந்தலும் நீல ஆடையும் பக்கத்தில் வந்தபின் பாதியாக மங்கித் தெரியும். கபுராகி கியோகதாவின் 'ட்ஸுகிஜி அகாஷிச்சோ' (1927) ஓவியத்தில் கருப்பு மேலாடைக்கு எதிரே அந்த முகம் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்று பாருங்கள். சுற்றியுள்ளவற்றை வைத்துத்தான் முகத்தின் நிற அளவை முடிவு செய்ய முடியும்.

எடுத்து வைத்த படியெடுத்த தாளை மேலே போர்த்தி, கண்ணின் இடம் நகர்ந்திருக்கிறதா என்று முதலில் சரிபாருங்கள். பல பூச்சுகளில் ஒரு மில்லிமீட்டர் நகர்வது சாதாரணம், முகத்தில் அது பெரிய தொலைவு. மேலிமையை ஒரே கருங்கோட்டில் எழுதாமல், இளம் மையில் இரண்டு மூன்று கோடுகளாக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றுங்கள். கீழிமைக்குச் செங்காவியின் சாயல் மட்டும். கருவிழியை இளம் மையால் நிரப்பி, நடுப்பாவையை மட்டும் கறுப்பாக்குங்கள். புருவத்துக்கு முதலில் மங்கிய ஒரு நிழல், அதன்மேல் மயிர்க்கோடுகள். உதட்டில் இரண்டு உதடும் சேரும் கோட்டை ஆழமாக எழுதி, கீழுதட்டின் விளிம்பைக் கரைத்துவிடுங்கள். இரண்டு கண்களையும் ஒரே அமர்வில் முடியுங்கள். ஒன்றை இரவிலும் மற்றொன்றைக் காலையிலும் எழுதினால் இரண்டும் வேறு வேறு ஆட்களைப் பார்க்கும்.

12. பலகையிலிருந்து எடுத்தல்

ஒரு வாரம் காயவிட்டு, ஒட்டாத துகள்களை மென்மையான உலர்தூரிகையால் தட்டிவிடுங்கள். மெருகெண்ணெய் எதுவும் பூச வேண்டாம். தாதுப்பொடியின் அழகு அதன் மங்கிய மணற்பரப்பில் இருக்கிறது. எண்ணெய் பட்டதும் நிறம் இருண்டு மினுக்கம் போய்விடும். கண்ணாடிச் சட்டமிட்டால் கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடைவெளி விடுங்கள்.

பக்கவாட்டு மடிப்பைக் கத்தியால் அறுத்துத் தாளை எடுத்தபின், தாளோரத்தில் நிறம் சோதித்துப் பார்த்திருந்தால் அந்த ஓரத் துண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். ஒவ்வொரு திட்டுக்கும் பக்கத்தில் பொடியின் எண்ணையும் எத்தனை சொட்டுப் பசை விட்டீர்கள் என்பதையும் எழுதி, ஓர் உறையில் போட்டு வையுங்கள். இரண்டாவது பலகையில் பசையின் அளவை முடிவு செய்ய அந்த உறையைத்தான் திறப்பீர்கள்.